ரேடியேற்றர் ஃபானை ‘டிரெக்ற்’ பண்ணி அனுப்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஓடும் பழைய டீசல் கார்களில் ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேற்றர் ஃபான் சுற்றவில்லை என்று கார் கராஜுக்கு வந்தால், அதை இயக்கும் சூட்டுச் சுவிச்சின் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு ஃபானுக்கு நேரே வயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் ஃபான் சுற்றும். அல்லது டாஷ்போர்டில் ஒரு சுவிச் வைத்து, “சூடு காட்டும் ஊசி ஏறினால் போடுங்கோ” என்று சொல்லி அனுப்புவார்கள். இதுதான் ‘டிரெக்ற்’. ஐந்து நிமிட வேலை, கூலியும் கொஞ்சம். ஆனால் ஃபான் ஏன் நின்றது என்பதை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்சக் காலம் கழித்து அதே கார் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்தோ, அதன் அடியில் உள்ள ஹெட் கேஸ்கற் எரிந்தோ கட்டி இழுத்துக்கொண்டு வரப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய கார்களுக்கு ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு ஹெட்டை இழப்பது இன்று சிறிய செலவல்ல. அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

நாங்கள் சொல்வது எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்ட, முன்சில்லு இழுக்கும் கார்களைப் பற்றி. டொயோட்டாவின் 1சி, 2சி டீசல் எஞ்சின் பூட்டிய கொரோலாக்கள், சிடி17, சிடி20 பூட்டிய நிசான் சன்னி, ஏ.டி. வாகன் போன்றவை. இவற்றில் எஞ்சினின் பெல்ற் பக்கம் மட்காட்டைப் பார்த்திருப்பதால் பெல்ற்றால் ஃபானைச் சுழற்ற வழியில்லை. அதனால் ரேடியேற்றரின் பின்னால் 12 வோல்ற் மோட்டர் பூட்டியிருக்கிறார்கள். டொல்பின் வான், ஹைலக்ஸ் போன்றவற்றில் ஃபான் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். அது வேறு கதை.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விலக்க வேண்டும். காரை ஸ்ராட் பண்ணி அரை மணித்தியாலம் சும்மா விட்டும் ஃபான் சுற்றவில்லை என்றால் பழுது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பெற்றோல் எஞ்சினுக்கு அது பொருந்தும். டீசல் எஞ்சின் ஐடிலில் மிகக் குறைந்த டீசலைத்தான் எரிக்கும். உள்ளே போகும் காற்றோ அதற்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. வெளிவரும் சூடு கொஞ்சம். காலைக் குளிரில், ஏ.சி. இல்லாமல், சும்மா நிற்கும் டீசல் கார் ஃபானைக் கேட்காமலே இருக்கலாம். ஏ9 வீதியில் 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போதும் முன்னால் வரும் காற்றே போதும். ஃபான் தேவைப்படுவது 40 கிலோமீற்றருக்குக் கீழே பாரத்தோடு ஊர்ந்து போகும்போதும், ஏ.சி. போட்டு நிற்கும்போதும், நீண்ட ஓட்டம் முடிந்து சந்தைக்குள் நுழையும்போதும்தான். ஆகவே நன்றாக இருக்கும் ஒரு ஃபானைப் ‘பழுது’ என்று சொல்லி டிரெக்ற் பண்ணிய கார்களும் ஏராளம்.

இதிலிருந்தே முதல் பரிசோதனையும் வருகிறது. இதற்குக் கருவி ஒன்றும் தேவையில்லை. ஓடும்போது ஊசி நடுவில் நின்று, மெதுவாகப் போனால் அல்லது நின்றால் ஏறுகிறதா? அப்படியென்றால் ஃபான் பக்கம் பாருங்கள். மாறாக, பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் நாலு பேரும் சாமானுமாக வேகமாகப் போகும்போது ஊசி ஏறி, மெதுவாக்கினால் இறங்குகிறதா? அது ஃபான் இல்லை. ரேடியேற்றர் அடைப்பு, தேர்மோஸ்ரற் (சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வு), வோட்டர் பம்ப், சூட்டில் சுருங்கும் கீழ் ஹோஸ், கசியும் ஹெட் கேஸ்கற், இவற்றில் ஒன்று. இந்தக் காருக்கு ஃபானை டிரெக்ற் பண்ணினால் ஊசி கொஞ்ச நாளைக்குத் தாழ்ந்து நிற்கும், நோய் உள்ளே வளரும்.

இனிச் சூட்டுச் சுவிச். கராஜ்களில் அதிகம் பிழை போகும் இடம் இதுதான். சுவிச்சில் இரண்டு வகை உண்டு. ஒன்று சூடேறினால் இணைவது. நிசான் கார்களிலும் ஐரோப்பியக் கார்களிலும் பெரும்பாலும் இதுதான்: தண்ணீர் 90 முதல் 95 பாகை வந்ததும் சுவிச் உள்ளே தொட்டு, றிலே (சின்னக் கரன்ற்றால் பெரிய கரன்ற்றைத் திறந்து மூடும் காந்தச் சுவிச்) இழுத்து, ஃபான் சுற்றும். மற்றது சூடேறினால் பிரிவது. எண்பது, தொண்ணூறுகளில் வந்த பல டொயோட்டாக்களில் இந்த வகை. தண்ணீர் ஆறியிருக்கும்போது சுவிச் இணைந்து றிலேயின் சுருளுக்கு எர்த் (பற்றரியின் மைனஸ் பக்கம்) கொடுக்கும். அந்தச் சுருள் தொடுகையைப் பிரித்துப் பிடித்து ஃபானை நிறுத்தி வைத்திருக்கும். 93 பாகை அளவில் சுவிச் பிரியும், சுருள் விடும், தொடுகை சேர்ந்து ஃபான் ஓடும். 83 பாகைக்கு இறங்கினால் மறுபடி நிற்கும். தலைகீழாகத் தெரிந்தாலும் இது நல்ல யோசனையில் செய்தது: சுவிச் வயர் அறுந்தால், எலி கடித்தால், கிளிப் கழன்றால் ஃபான் நிற்காது, ஓயாமல் ஓடும். எஞ்சின் தப்பும். முதல் வகையில் வயர் அறுந்தால் ஃபான் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் சுவிச்சையோ றிலேயையோ மாற்றுவது பேராபத்து. டொயோட்டாவில் பழைய றிலேயைக் கழற்றிவிட்டுக் சுருளுக்குக் கரன்ற் வந்தால் தொடுகையைச் சேர்க்கும், கடையில் கிடைக்கும் சாதாரண நாலு கால் றிலேயைப் பூட்டினால் ஃபான் எஞ்சின் ஆறியிருக்கும்போது சுற்றும், சூடேறியதும் நின்றுவிடும். காலையில் பொனற்றைத் திறந்து பார்ப்பவர் “ஃபான் நல்லாச் சுற்றுது” என்று சந்தோஷமாகப் போவார். வேண்டிய நேரத்தில் அது நிற்பதை அவர் காணவே மாட்டார்.

எந்த வகை என்று தெரிந்துகொள்வது எளிது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், ஏ.சி. அணைந்திருக்க வேண்டும். சாவியை ‘ஒன்’ நிலைக்குத் திருப்புங்கள், ஸ்ராட் பண்ண வேண்டாம். சூட்டுச் சுவிச்சின் கனெக்ரரைக் கழற்றுங்கள். கழற்றியதும் ஃபான் சுற்றினால் அது பிரியும் வகை. மோட்டர், பியூஸ், றிலே, வயர் எல்லாம் சரி என்பதும் அதே நொடியில் தெரிந்துவிடும். சுற்றவில்லை என்றால், ஒற்றை வயர் கனெக்ரராயின் அந்த வயரை எஞ்சின் உலோகத்தில் தொடுங்கள்; இரட்டை வயராயின் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். இப்போது சுற்றினால் இணையும் வகை. சுவிச்சைத் தவிர எல்லாம் சரி. இரண்டிலும் அசையவில்லை என்றால்தான் பியூஸ், றிலே, மோட்டர் என்று தேடப் போக வேண்டும். ஒரு கவனம்: டீசல் எஞ்சினில் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சர்கள் இருக்கும். ஊசிக்கு ஒன்று, சில எஞ்சின்களில் ஹீற்றர் பிளக் ரைமருக்கு ஒன்று, ஃபானுக்கு ஒன்று. ஊசியின் வயரை எர்த்தில் தொட்டால் ஊசி உச்சிக்கு ஓடும். அப்படி ஓடினால் நீங்கள் பிடித்திருப்பது பிழையான வயர், உடனே எடுத்துவிடுங்கள். கையையும் சட்டைக் கையையும் ஃபானுக்குத் தள்ளி வையுங்கள். சில கார்களில் சாவி எடுத்த பிறகும் ஃபான் தானாகச் சுற்றத் தொடங்கும்.

சுவிச்சைச் சந்தேகித்தால் கழற்றி ஒரு சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் அதில் விட்டுச் சூடாக்குங்கள். மல்ரி மீற்றரின் ஒரு முனையைச் சுவிச்சின் உடலிலும் மற்றதைப் பின்னிலும் (இரட்டை வயராயின் இரண்டு பின்னிலும்) பிடித்தால் எந்தப் பாகையில் இணைகிறது அல்லது பிரிகிறது என்று நேரடியாகக் காணலாம். தண்ணீர் கொதிக்கும்வரை மாற்றமே இல்லை என்றால் சுவிச் செத்தது. புதிது வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். மரை, பின், பொறித்திருக்கும் பாகை மூன்றும் ஒத்துவர வேண்டும். பூட்டும்போது ஒற்றை வயர் சுவிச்சின் மரைக்கு வெள்ளை ரேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். அந்த மரை வழியாகத்தான் எர்த் போகிறது.

சுவிச் இருக்கும் இடமும் முக்கியம். பல கார்களில் அது ரேடியேற்றரின் கீழ்த் தொட்டியில், ஆறிய தண்ணீர் வரும் பக்கத்தில் இருக்கும். ரேடியேற்றர் நடுவில் அடைத்துவிட்டாலோ தேர்மோஸ்ரற் மூடியபடி இறுகிவிட்டாலோ கீழ்த் தொட்டிக்குச் சூட்டுத் தண்ணீரே வராது. எஞ்சின் கொதிக்கும், சுவிச் குளிர்ந்து கிடக்கும், ஃபான் நிற்கும். மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் இளஞ்சூடு என்றால் ஃபான் குற்றவாளி இல்லை. தண்ணீர் குறைந்து சுவிச்சின் முனை காற்றில் நின்றாலும் இதேதான். அதைவிட மோசம், ஊசியின் சென்சரும் காற்றில் நின்றால் ஊசி கீழே விழும். ஏறி நின்ற ஊசி காரணமின்றித் திடீரென்று விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைக்காமல் உடனே நிறுத்துங்கள்.

வயர் பக்கம். இந்த மோட்டர்கள் பொதுவாக 80 முதல் 120 வாட்ஸ். ஓடும்போது 7 முதல் 10 அம்பியர் எடுக்கும். தொடங்கும் நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அதனால்தான் 30 அம்பியர் பியூஸ், அதனால்தான் றிலே. டாஷ்போர்டில் வைக்கும் சின்னச் சுவிச்சும் ஸ்பீக்கர் வயர் மாதிரி மெல்லிய வயரும் இதைத் தாங்காது. சுவிச் உருகும், பியூஸ் போடாமல் விட்டால் வயர் எரியும். 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் வேண்டாம், தூரம் கூடினால் 4. ஃபான் சுற்றிக்கொண்டிருக்கும்போது பற்றரியில் எவ்வளவு வோல்ற், மோட்டரின் கனெக்ரரில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. 2 வோல்ற் காணாமல் போனால் ஃபான் சுற்றும், ஆனால் காற்று இழுக்காது. பெரும்பாலும் குற்றம் மோட்டரின் கனெக்ரரில்தான் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: வெள்ளைப் பிளாஸ்ரிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாய நிறத்துக்கு மாறியிருக்கும், அந்தப் பின்னின் இடுக்கி தளர்ந்து விரிந்திருக்கும், வயரின் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும். அதை வெட்டி எறிந்து புதிய ரெர்மினல் போட்டு இறுக்கினாலே பாதிக் கார்கள் திருந்திவிடும். எர்த் வயர் பொடியில் பூட்டும் இடத்தில் கறளையும் பெயின்ற்றையும் சுரண்டிவிட்டுப் பூட்டுங்கள்.

மோட்டருக்கு நேரே பற்றரியிலிருந்து, இடையில் ஒரு பியூஸ் வைத்து, கரன்ற் கொடுத்தும் சுற்றவில்லை, ஆனால் உடலில் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. ஜப்பானிலிருந்து கழற்றி வரும் பழைய மோட்டர் வாங்கினால் வாட்ஸ், இலையின் விட்டம், சுற்றும் பக்கம் மூன்றையும் பாருங்கள். ரேடியேற்றரின் பின்னால் இருக்கும் ஃபான் காற்றை எஞ்சின் பக்கம் இழுக்க வேண்டும். வயரை மாற்றிப் பூட்டினால் அது எதிர்ப்பக்கம் சுற்றி, ஓடிவரும் காற்றோடு மல்லுக்கட்டும். ஒரு கடதாசியைக் கிரிலுக்கு முன்னால் பிடியுங்கள். ஒட்டினால் சரி, பறந்தால் வயரைத் திருப்புங்கள். ஃபானைச் சுற்றியுள்ள பிளாஸ்ரிக் கூடு உடைந்ததென்று கழற்றி வீசவும் கூடாது. கூடு இல்லாவிட்டால் ஃபான் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் காற்றை இழுக்கும். ரேடியேற்றரின் மூலைகள் சும்மா கிடக்கும்.

இனி நமது மண்ணுக்கே உரிய சங்கடங்கள். நிழலிலேயே 36 பாகை காயும் நாளில் ரேடியேற்றருக்கு வேலை கூட. தண்ணீர் 90 பாகை, வெளிக்காற்று 26 பாகை என்றால் இடைவெளி 64. காற்று 36 ஆனால் 54. அதே ரேடியேற்றர், அதே ஃபான், ஆறில் ஒரு பங்கு சூடு குறைவாகத்தான் வெளியேறும். கார்த்திகையில் தாக்குப்பிடித்த கார் ஆவணியில் கொதிப்பதற்கு இதுவே காரணம். அதற்கு மேல் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளின் செம்புழுதியும் அறுவடை நாட்களில் வயலிலிருந்தும் வீதியில் காயும் நெல்லிலிருந்தும் பறக்கும் சப்பியும் (பதரும்) சேர்கின்றன. ஏ.சி. உள்ள காரில் முன்னால் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சர், அதன் பின்னால் ரேடியேற்றர். இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளியில் சப்பியும் புல்விதையும் பூச்சியும் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளம் மாதிரிப் படிந்துவிடும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். மேல் பிராக்கற்றைக் கழற்றி ரேடியேற்றரைச் சரித்தால்தான் தெரியும். கழுவும்போது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, வீட்டுக் குழாயின் வேகத்தில் தண்ணீர் விடுங்கள். சேர்விஸ் ஸ்ரேசனில் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து வழியை அடைத்துவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீரும் கடினம். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும், தேர்மோஸ்ரற்றிலும், சூட்டுச் சுவிச்சின் முனையிலும் படிகிறது. முனையில் படிவு ஏறிய சுவிச் சூட்டைப் பிந்தித்தான் உணரும். கூலன்றும் பற்றரிக்கு விடும் வடிநீரும் சம பங்கு கலந்து விடுங்கள். இந்தக் கார்களுக்கு 5 முதல் 7 லீற்றர் பிடிக்கும். விடும்போது காருக்குள் உள்ள ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் திறந்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, தேர்மோஸ்ரற் திறந்து தண்ணீர் இறங்கியதும் மேலும் நிரப்பி மூடுங்கள். கூலன்ற் இனிக்கும், நஞ்சு. கழற்றியதைச் சிறுவரும் நாயும் அணுகும் இடத்தில் விடாதீர்கள். ரேடியேற்றர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். 0.9 என்று அமுக்கம் பொறித்த மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 119 பாகை வேண்டும். ரப்பர் வெடித்த மூடியில் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசுவது டிரெக்ற்றின் கூடப்பிறந்த பழக்கம். 82 அல்லது 88 பாகையில் திறக்க வேண்டிய அந்தச் சாமான் இல்லாவிட்டால் பாரமில்லாத ஓட்டத்தில் எஞ்சின் சூடேறாமல் டீசலைத் தின்னும், வெண்புகை தள்ளும், சிலிண்டர் தேயும். அது மட்டுமில்லை. பல டொயோட்டா எஞ்சின்களில் தேர்மோஸ்ரற்றின் அடித்தட்டு, திறக்கும்போது பைபாஸ் துளையை மூடுகிறது. தேர்மோஸ்ரற் இல்லை என்றால் அந்தத் துளை எப்போதும் திறந்திருக்கும். சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்கே போகாமல் திரும்பி எஞ்சினுக்குள் வரும். கொதிப்பைக் குறைக்கக் கழற்றியது பாரத்தில் கொதிப்பைக் கூட்டும்.

கையால் போடும் சுவிச் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒழுங்கான வழி உண்டு. சூட்டுச் சுவிச்சைக் கழற்றாதீர்கள். இணையும் வகையில், அதற்குப் பக்கவழியாக, றிலேயின் சுருள் எர்த்துக்குப் போகும் வயரில் ஒரு சின்னச் சுவிச் வையுங்கள். பிரியும் வகையில், சூட்டுச் சுவிச்சின் வயருக்கு நடுவில் வைத்து அறுக்கிற மாதிரிச் செய்யுங்கள். இரண்டிலும் டாஷ்போர்ட் சுவிச்சில் ஓடுவது சுருளின் கால் அம்பியருக்கும் குறைந்த கரன்ற். சாரதி மறந்தாலும் தானியங்கி தன் வேலையைச் செய்யும்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறோம். வேறு வழியின்றி ஒரு காரை டிரெக்ற் பண்ணி அனுப்பினால் அதைப் பில்லில் எழுதுங்கள், பொனற்றின் உட்பக்கமும் ஒரு துண்டு ஒட்டுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அரை நாள் மிச்சம். மாவட்டத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி கொடுக்கும் நிலையங்களும் இந்த இரு வகைச் சுவிச், இரு வகை றிலேயை மேசையில் வைத்துச் சட்டித் தண்ணீரோடு செய்து காட்ட வேண்டும். பெரிய செலவில்லாத பாடம்.

வழியில் ஊசி ஏறினால்: ஏ.சி.யை நிறுத்துங்கள், ஹீற்றரையும் புளோவரையும் முழுக்கத் திறந்து ஓரமாக நிறுத்துங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ எஞ்சினை அணையுங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் மூடியைத் தொட வேண்டாம். அவசரத்தில் குளிர் தண்ணீரை எஞ்சினில் ஊற்றவும் வேண்டாம், கொதித்த ரேடியேற்றருக்குள் விடவும் வேண்டாம். 1சி, 2சி எஞ்சின்களில் புளொக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். திடீர்க் குளிர் பட்டால் வால்வுகளுக்கு நடுவில்தான் முதலில் வெடிக்கும். ஆறிய பிறகு தடித்த துணி வைத்து மூடியை ஒரு படி திருப்பி, சீறல் அடங்கியதும் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்த நாள் கராஜில் முதலில் கேட்க வேண்டியது, ஊசி ஏறியது ஓட்டத்திலா, நின்றபோதா என்பதைத்தான்.

இப்படிக்கு,
வாகன மின்வேலை செய்வோர் சிலர்,
கிளிநொச்சி.